கையால் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஆக என்ன படிக்க வேண்டும்?



பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் நமது கல்வி வழிகாட்டி மேசைக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். கள்ளக்குறிச்சி நகரத்துக் குடும்பம். தகப்பனார் தையல் கடை வைத்திருக்கிறார். மகளின் கையில் வழவழப்பான ஒரு நோட்டீஸ் இருந்தது. ஆறே மாதத்தில் ஆஸ்டியோபதி டாக்டர் ஆகலாம், நீட் தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு என்று அதில் அச்சிட்டிருந்தார்கள்.

"அண்ணே, இதுல சேர்ந்தா புள்ள பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாமாம். வளையலை அடகு வெச்சுப் பணம் கட்டிடலாம்னு இருக்கேன். நாளைக்குக் கடைசி நாளாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் அந்தத் தாய்.

அதே வாரத்தில் கல்வராயன் மலையிலிருந்து ஒரு மாணவன் வந்தான். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். அவன் படித்தது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. "எங்க தாத்தா எலும்புக்குக் கட்டு கட்டுவாரு சார். சுளுக்கும் எடுப்பாரு. கூடவே இருந்து எனக்கும் கொஞ்சம் கை வருது. இதுக்கு சர்ட்டிபிகேட் எங்க குடுப்பாங்க?" என்று கேட்டான்.

இரண்டு பேர் கேட்டதும் ஒரே கேள்விதான். முதுகு, மூட்டு, எலும்பு, நரம்பு வலிகளைக் கையால் தொட்டுக் குணப்படுத்தும் தொழிலை முறைப்படி எங்கே கற்பது? இன்னும் பல வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

ஆஸ்டியோபதி என்றால் என்ன?

இது அமெரிக்காவில் பிறந்த முறை. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1828-ல் பிறந்த ஒரு மருத்துவர். 1864-ல் மூளைக்காய்ச்சல் நோயில் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்தார். அக்காலத்து மருந்துகள் எதுவும் அவர்களைக் காப்பாற்றவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகு அவர் வேறு வழி தேடினார். எலும்பு, தசை, மூட்டு, இரத்த ஓட்டம் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை, அவற்றைக் கையால் சீர்படுத்தினால் உடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்று 1874-ல் அறிவித்தார். 1892-ல் மிசூரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார்.

ஸ்டில் சொன்ன எல்லாமே பிற்கால ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை. கைவைத்தியத்தால் எல்லா நோயும் தீரும் என்று இன்று எந்த நல்ல கல்லூரியும் கற்பிப்பதில்லை. முதுகுவலி, கழுத்துப் பிடிப்பு போன்றவற்றுக்கு மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துச் செய்யும்போது சிலருக்கு அது உதவுகிறது. அந்த அளவில் எடுத்துக்கொள்வதே நியாயம்.

பெற்றோர்கள் ஒரு வித்தியாசத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். "ஆஸ்டியோபதி" என்ற ஒரே பெயரில் உலகில் இரண்டு வேறு தொழில்கள் நடக்கின்றன.

அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்றவர் முழுமையான மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், எந்தத் துறையிலும் நிபுணராகலாம். அங்கே முதலில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் படிக்க வேண்டும். பிறகு எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு. அதன்பின் நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரி. கடைசியாகக் குறைந்தது மூன்று ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. ஆக, பள்ளி முடித்த பிறகு 11 ஆண்டுகளாவது ஆகும். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் டி.ஓ. கல்லூரிகளும் சிலவே. செலவோ நம் குடும்பங்கள் நினைத்துப் பார்க்க முடியாத அளவு.

இங்கிலாந்திலும் வேறு பல நாடுகளிலும் ஆஸ்டியோபத் என்பவர் டாக்டர் அல்ல. நான்கைந்து ஆண்டு பட்டம் படித்து, அரசுச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, கைச்சிகிச்சை மட்டும் செய்பவர். இங்கிலாந்தில் இதற்கென 1993-ல் சட்டமே போட்டார்கள். பதிவு இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது அங்கே குற்றம்.

நம் நாட்டில் என்ன நிலை?

இந்தியாவில் அலோபதி மருத்துவர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் இருக்கிறது. சித்தா, யுனானி, ஆயுர்வேதத்துக்கு இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையம் இருக்கிறது. ஹோமியோபதிக்குத் தனி ஆணையம். பிசியோதெரபி போன்ற துறைகளுக்கு 2021-ல் தனிச் சட்டம் வந்து ஓர் ஆணையம் அமைந்தது. ஆஸ்டியோபதிக்கென்று இப்படி ஒரு கவுன்சிலும் பதிவேடும் இல்லை. ஒடிசாவில் கட்டாக் அருகே ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகத்தில் ஆஸ்டியோபதி பட்டப்படிப்பு நடத்துகிறார்கள். அது பல ஆண்டு முறையாகப் படிக்கும் படிப்பு. ஆனால் அதைப் படித்தாலும் எம்.பி.பி.எஸ். படித்தவரைப் போல மருத்துவர் என்று பதிவு செய்துகொள்ள முடியாது.

இனி அந்த நோட்டீஸுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் ஆஸ்டியோபதி பயிற்சிக்கு ஓர் அளவுகோல் வெளியிட்டது. மருத்துவப் பின்னணி இல்லாத ஒருவர் இதைக் கற்க 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதில் குறைந்தது 1,000 மணி நேரம் ஆசிரியர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்பது அந்த அளவுகோல். ஆறு மாதத்தில் 26 ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தாலும் மொத்தம் 156 மணி நேரம்தான். கணக்கை ஒரு தாளில் எழுதி அந்தப் பெண்ணிடமே கொடுத்தோம். அவள் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தன் தாயிடம், "வேணாம்மா, போயிடலாம்" என்றாள்.

இவ்வளவு நாள் ஏன் படிக்க வேண்டும்?

"கை ராசி இருந்தால் போதாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. நம் பகுதியில் நடப்பதையே சொல்கிறோம்.

மலையில் புளி உலுக்கவும் கடுக்காய் பொறுக்கவும் தேன் எடுக்கவும் மரம் ஏறுகிறார்கள். கை தவறி விழுந்தால் முதலில் போவது கட்டு கட்டுபவரிடம்தான். கீழே உள்ளவர்கள் புத்தூர் கட்டுக்குப் போகிறார்கள். நல்ல அனுபவமுள்ள நாட்டு வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் வீக்கம் கூடினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். விரல்கள் நீலம் பாயும், சில்லிடும், மரத்துப் போகும். வலி குறையாமல் ஏறிக்கொண்டே போகும். இரத்தம் போகாத தசை ஆறேழு மணி நேரத்தில் சாகத் தொடங்கிவிடும். பிறகு கை முடங்கும், அல்லது அதை எடுக்க வேண்டிவரும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து சேரும் நேரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டு போட்ட பிறகு மேலே சொன்ன அறிகுறி ஒன்று தெரிந்தாலும் கட்டைத் தளர்த்திவிட்டு உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

முதுகுவலியும் அப்படித்தான். பெரும்பாலான முதுகுவலி தசைப்பிடிப்பே. ஆனால் முதுகுவலியோடு சாயந்திரக் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம். கால் மரத்து, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனால் அது அவசர அறுவை சிகிச்சைக்கான அறிகுறி. புற்றுநோய் எலும்புக்குப் பரவியும் முதுகு வலிக்கும். இவர்களுக்கு முதுகில் ஏறி மிதித்தாலோ நெட்டி முறித்தாலோ என்ன ஆகும்? கழுத்தைச் சடக்கென்று திருப்புவதில் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவதும் அரிதாக நடக்கிறது.

கை வைக்கக் கற்பதற்குச் சில மாதங்கள் போதலாம். எந்த உடம்பில் கை வைக்கக் கூடாது என்று கண்டுபிடிக்கத்தான் உடற்கூறும் நோயறிதலும் ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு உள்ள நேர்வழிகள்

முதல் வழி எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு படிப்பும் ஓராண்டு பயிற்சியும். பிறகு எம்.எஸ். எலும்பு மருத்துவம் படிக்கலாம். அல்லது எம்.டி. உடலியல் மற்றும் மறுவாழ்வு மருத்துவம் படிக்கலாம். ஆஸ்டியோபதியின் கைச்சிகிச்சைக்கு நெருக்கமான துறை இந்த மறுவாழ்வு மருத்துவம். நம் ஊர்ப் பிள்ளைகள் இப்போது வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிறுவங்கூரில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. 150 இடங்கள்.

இரண்டாவது வழி சித்த மருத்துவம், அதாவது பி.எஸ்.எம்.எஸ். ஐந்தரை ஆண்டு. சித்தத்தில் உள்மருந்து 32, வெளிமருந்து 32 என்று வகுத்திருக்கிறார்கள். கட்டு, ஒற்றடம், தொக்கணம் எல்லாம் அந்த வெளிமருந்துகளில் வருபவை. தொக்கணம் என்பது முறைப்படி எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் சிகிச்சை. வர்மமும் இதில் பாடம். மேற்படிப்பில் வர்மத்தையும் புறமருத்துவத்தையும் சிறப்பாகப் படிக்கலாம். அரசுக் கல்லூரிகள் பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் உள்ளன. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் மேற்படிப்பு நடக்கிறது. தாத்தாவிடம் கட்டு கற்ற மலை மாணவனுக்கு நாங்கள் முதலில் சொன்ன வழி இதுதான். அவன் வீட்டில் இருக்கும் அறிவுக்கு அரசு அங்கீகாரமுள்ள பட்டம் இதில்தான் கிடைக்கும்.

மூன்றாவது வழி யுனானி, பி.யு.எம்.எஸ். இதுவும் ஐந்தரை ஆண்டு. யுனானியில் இலாஜ் பித் தத்பீர் என்று ஒரு பிரிவு உண்டு. மருந்துக்கு முன்னால் உடம்பின் ஒழுங்கைச் சரிசெய்யும் சிகிச்சை அது. தல்க் என்னும் பிடித்துவிடுதல், ஹிஜாமா, ரியாளத் என்னும் உடற்பயிற்சி ஆகியவை அதில் அடங்கும். ஹிஜாமா நம் மக்களிடையே இப்போது பரவலாகியிருக்கிறது. வார இறுதி வகுப்பில் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்பவர்களும் இருக்கிறார்கள். பிளேடும் இரத்தமும் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் தொற்று ஆபத்து அதிகம். படித்த யுனானி மருத்துவரிடம் போவதே சரி. தமிழகத்தின் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி சென்னை அரும்பாக்கத்தில் 1979 முதல் இயங்குகிறது. இதற்கு உருது, அரபி, பாரசீகம் சார்ந்த மொழித் தகுதி கேட்பார்கள். ஆகவே பத்தாம் வகுப்பிலேயே இதை யோசித்துப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் மொழித் தகுதிப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

இந்த மூன்றுக்கும் நீட் கட்டாயம். சித்தாவுக்கும் யுனானிக்கும் நீட் வேண்டாம் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை நம்பி விண்ணப்பிக்காமல் விட்டால் ஓராண்டு வீணாகும். தேர்வை 720 மதிப்பெண்ணுக்குத் தமிழிலேயே எழுதலாம். எம்.பி.பி.எஸ். கிடைக்காத மதிப்பெண்ணில் சித்தா, யுனானி கிடைக்க வாய்ப்புண்டு.

நான்காவது வழி பிசியோதெரபி, பி.பி.டி. பட்டம். கையால் சிகிச்சை செய்யும் வேலைதான் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே நேரடியான வழி. நான்கு ஆண்டு வகுப்பும் அதன்பின் மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. மூட்டை அசைத்துவிடும் முறைகள், பயிற்சிகள், பக்கவாதம் வந்தவரை எழுப்பி நடக்க வைப்பது, மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான பயிற்சி எல்லாம் இதில் உண்டு. திருச்சியிலும் சென்னை கே.கே. நகரிலும் அரசு நிறுவனங்கள் உள்ளன. தனியார் கல்லூரிகள் ஏராளம். தமிழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்த்து வந்தார்கள். தேசிய அளவில் விதிகள் மாறி வருகின்றன என்பதால் சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் வீடு தேடிச் செல்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் பெரியவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. நம் பெண்களுக்குப் பெண் பிசியோதெரபிஸ்ட் கிடைக்காமல் சிகிச்சையையே விட்டுவிடும் நிலைமையும் நாம் பார்க்கிறோம்.

இவை தவிர இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த பி.என்.ஒய்.எஸ். என்ற ஐந்தரை ஆண்டுப் படிப்பும் இருக்கிறது. அதற்கான அரசுக் கல்லூரியும் அரும்பாக்கத்தில்தான்.

ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் 7.5 சதவீதம்

இந்தப் பகுதியைப் பிள்ளைகள் சின்ன வகுப்பில் படிக்கும் பெற்றோர்கள் தவறாமல் படிக்க வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் மட்டுமல்ல, சித்தா, யுனானி, ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கும் பொருந்தும். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல்.

ஆனால் 6 முதல் 12 வரை ஏழு வகுப்பும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 8 வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு மாறியவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் சேராது. நம் சமுதாயப் பெரியவர்கள் நடத்தும் பள்ளிகளில் பல உதவி பெறும் பள்ளிகள்தான். அரசு சம்பளம் தருவதால் அதுவும் அரசுப் பள்ளி என்று நினைத்துவிடுகிறோம். நன்றாகப் படித்த ஒரு மாணவன் நீட்டில் நல்ல மதிப்பெண் எடுத்த பிறகு இந்த விவரம் தெரிந்து, எங்கள் மேசையிலேயே கண்கலங்கி நின்றான். எட்டாம் வகுப்பு ஒரு வருடம் மட்டும் உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தான். அந்த ஒரு வருடத்தை யாராலும் மாற்றிக் கொடுக்க முடியவில்லை.

சான்றிதழ்களில் கவனம்

முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007 முதல் உள்ளது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கனி, சையது, ஷேக், துதேகுலா, அன்சார், மாப்பிள்ளை ஆகிய பிரிவினருக்கு உரியது. சாதிச் சான்றிதழில் வெறும் "முஸ்லிம்" என்று மட்டும் இருந்தால் சிக்கல். பிரிவின் பெயரும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற வகைப்பாடும் தெளிவாக இருக்க வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மத்திய அரசுப் பட்டியலின்படி ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். மாநிலச் சான்றிதழ் அங்கே செல்லாது.

மலையாளிப் பழங்குடி மாணவர்களுக்கு எஸ்.டி. சான்றிதழ் வேண்டும். விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பதால் பிளஸ் ஒன் படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

பெயர் எழுத்தும் ஒரு பெரிய தொல்லை. முஹம்மது, முகமது, முகம்மது என்று ஆதார், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் மூன்று விதமாக ஆங்கில எழுத்தில் இருக்கும். நீட் விண்ணப்பத்துக்கு முன்பே ஒரே மாதிரி திருத்திக்கொள்ளுங்கள். இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, 6 முதல் 12 வரை படித்த பள்ளிச் சான்று ஆகியவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் எது? படித்து முடித்தால் எந்தக் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்கும்? நோயாளிகளைப் பார்த்துப் பழகும் மருத்துவமனை எது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராதவர்களிடம் பணம் கட்ட வேண்டாம். நாளைக்குக் கடைசி நாள் என்று அவசரப்படுத்தினால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

பதிவு எண் இல்லாமல் டாக்டர் என்று போர்டு வைத்து வைத்தியம் பார்ப்பது சட்டப்படி குற்றம். போலீஸ் வந்து அழைத்துப் போவது நோட்டீஸ் அடித்தவரை அல்ல, போர்டு வைத்த நம் பிள்ளையை.

முதலில் சொன்ன தாயின் வளையல் கையிலேயே இருக்கிறது. மகள் பி.பி.டி.க்கு விண்ணப்பித்தாள். மலை மாணவன் இந்த வருடம் நீட் எழுதத் தயாராகிறான். லீவு நாட்களில் தாத்தாவோடு உட்கார்ந்து, அவர் எந்த முறிவுக்கு எந்தப் பச்சிலை வைக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதியும் வருகிறான். விரல் நீலம் பாய்ந்தால் கட்டை அவிழ்க்க வேண்டும் என்பதைத் தாத்தாவுக்கு அவன்தான் சொன்னானாம். "அது எனக்குத் தெரியும்டா" என்றாராம் அவர்.

சந்தேகம் உள்ளவர்கள் சான்றிதழ் நகல்களோடு நமது கல்வி வழிகாட்டி மேசைக்கு வாருங்கள். எந்தச் சமுதாயத்துப் பிள்ளையாக இருந்தாலும் வரலாம். கட்டணம் ஏதுமில்லை. இன்ஷா அல்லாஹ், எங்களால் ஆன உதவியைச் செய்வோம்.